லேபிள் இல்லாத வின்டேஜ் போர்ட்: ஒரு பாட்டிலின் ஆய்வு

இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு பழைய வீட்டின் நிலவறையில், பல பத்தாண்டுகளாகப் படுக்கை வசத்தில் கிடந்த வின்டேஜ் போர்ட் என்னும் போர்ச்சுகல் நாட்டு இனிப்பு ஒயின் பாட்டில்களில் ஒன்றைத் திறந்து பார்க்கும்படி வீட்டின் உரிமையாளர் என்னிடம் கேட்டிருந்தார். அது எந்த ஆண்டைச் சேர்ந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, மீதமுள்ளவற்றை விற்பதா வைத்திருப்பதா என்பதை எழுத்தில் தர வேண்டும். பாட்டில்கள் எதிலும் லேபிள் கிடையாது. ஒரு குழந்தை பிறந்த ஆண்டின் நினைவாக அவை வாங்கப்பட்டன என்ற பேச்சு மட்டுமே குடும்பத்தில் தங்கியிருந்தது. இங்கிலாந்தில் வசதியுள்ள குடும்பங்களுக்கு அப்படியொரு வழக்கம் உண்டு; பிள்ளை வளர்ந்து ஆளாகும்போது ஒயினும் பக்குவத்துக்கு வந்துவிடும் என்பது கணக்கு. சிக்கல் என்னவென்றால் அந்த வீட்டில் 1960இல் ஒரு மகனும் 1970இல் ஒரு மகளும் பிறந்திருந்தார்கள். அந்த ஒயின் தன்னுடையது என்றே இருவரும் இத்தனை காலமும் நம்பி வந்திருக்கிறார்கள். போர்ட் வணிகத்தில் இரண்டுமே பரவலாக ‘அறிவிக்கப்பட்ட’ ஆண்டுகள், அதாவது சிறந்த அறுவடை என்று தயாரிப்பாளர்கள் பலர் அறிவித்தவை, என்பதால் அந்த நம்பிக்கைகளில் எதையும் எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியவில்லை.

இந்த வகை ஒயினின் இயல்பைச் சற்று விளக்கினால்தான் பின்னால் வரும் வாதங்கள் புரியும். போர்ச்சுகலின் வடக்கே டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில், 1756இலேயே எல்லை வகுக்கப்பட்ட பகுதியில், பலகைப் பாறை நிறைந்த செங்குத்துச் சரிவுகளில் விளையும் திராட்சையிலிருந்து போர்ட் செய்யப்படுகிறது. சாறு நொதித்து அதன் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி ஆல்கஹாலாக மாறிய நிலையில், 77 சதவீத வலிமையுள்ள திராட்சைச் சாராயத்தைக் கலந்து நொதிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் மிச்சச் சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் அளவிலும், ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டியும் நிற்கும். பெரும்பாலான போர்ட் வகைகள் மரப்பீப்பாயிலோ தொட்டியிலோ பக்குவப்பட்டு, குடிப்பதற்குத் தயாரான நிலையில் விற்பனைக்கு வருகின்றன. வின்டேஜ் போர்ட் மட்டும் தனி வழியில் போகிறது. மிகச் சிறந்த அறுவடை என்று கருதப்படும் ஆண்டுகளில் மட்டும் தயாரிப்பாளர்கள் அதை அறிவிப்பார்கள். சுமார் 2 ஆண்டுகள் மரத்தில் வைத்துவிட்டு, வடிகட்டாமல் பாட்டிலில் அடைப்பார்கள். மீதிப் பக்குவமெல்லாம் காற்று புகாத கண்ணாடிக்குள் பல பத்தாண்டுகள் எடுத்து நடக்கும். இளமையில் அதன் நிறம் ஊதாக் கருமை, டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள் நாவைப் பிடித்து இழுக்கும். காலப்போக்கில் நிறமிகளும் டானின்களும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து, பாட்டிலின் அடிப்பக்கத்தில் பொருக்காகப் படிகின்றன. சர்க்கரையோ எங்கும் போவதில்லை. ஆகவே முதிர்ந்த வின்டேஜ் போர்ட்டைச் சுவைப்பவர் கவனிக்க வேண்டியது, துவர்ப்பும் பழச்சுவையும் ஒதுங்கிக்கொண்டே போகும்போது இனிப்பையும் சாராயத்தையும் தாங்கிப் பிடிக்க இன்னும் எவ்வளவு சதை மிச்சமிருக்கிறது என்பதைத்தான்.

லேபிள் இல்லாததைக் கண்டு போலி என்று ஐயப்பட வேண்டியதில்லை. 1970களின் நடுப்பகுதியில் சட்டம் மாறும் வரை வின்டேஜ் போர்ட் பெரும்பாலும் பீப்பாயாகவே பிரிட்டனுக்குக் கப்பலேறி, லண்டன், பிரிஸ்டல் போன்ற நகரங்களின் வணிகர்களால் அங்கேயே பாட்டிலில் அடைக்கப்பட்டு வந்தது. ‘பைப்’ எனப்படும் ஏற்றுமதிப் பீப்பாய் 534 லிட்டர் கொண்டது. அதிலிருந்து 700 பாட்டில்களுக்கு மேல் கிடைக்கும். நிலவறையின் ஈரத்தில் காகிதம் எப்படியும் அழுகிவிடும் என்பதால் பலர் லேபிள் ஒட்டுவதே இல்லை. அடுக்கின் மேல் ஒரு பலகையும், கழுத்தில் மெழுகு முத்திரையும், கார்க்கின் பக்கவாட்டில் சூட்டுக்கோல் முத்திரையும் போதும் என்று விட்டுவிடுவார்கள். போர்ச்சுகலில் அடைக்கப்பட்டவற்றின் கழுத்தில் காணப்படும் அரசுத் தாள்முத்திரை இந்தப் பாட்டில்களில் இல்லாததும் பிரிட்டனில் அடைக்கப்பட்டதையே காட்டியது. இதில் வேறொரு பயனும் இருந்தது. சட்டம் மாறிய பிறகு வந்த 1975, 1977, 1980 போன்ற ஆண்டுகளை இந்த ஒரு குறையைக் கொண்டே விலக்கிவிடலாம்.

திறப்பதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, மிக நல்ல நிலையில் இருந்ததை எடுக்கலாம் என்று உரிமையாளர் விரும்பினார். நான் நடுத்தர நிலையில் உள்ளதைக் கேட்டு வாங்கினேன். ஒன்றைச் சுவைத்து ஒரு தொகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்போது, சிறந்ததைத் திறந்தால் கருத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தேர்ந்த பாட்டிலில் ஒயின் கழுத்தின் அடிப்பகுதி வரை இறங்கியிருந்தது. 50 ஆண்டு கடந்த பாட்டிலுக்கு இது வழக்கமான அளவு. தோள்பட்டை வரை இறங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மெழுகு பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்க, கார்க்கின் ஒரு ஓரத்தில் பிசுபிசுப்பான கருங்கோடு தெரிந்தது. எப்போதோ ஒயின் சிறிது கசிந்து, பின்னர் தானாக அடைபட்டிருக்க வேண்டும். பாட்டிலின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்பு கொண்டு தூரிகையால் இழுத்த வெள்ளைக் கறை இருந்தது. படுக்க வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கான பழைய அடையாளம் அது. அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் பொருக்கு படிந்திருக்கும். சுவைப்பதற்கு முன் 2 நாட்கள் பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மிதந்துகொண்டிருந்த நுண்துகள்கள் அடியில் சேர விட்டோம்.

திறப்பதற்கு இடுக்கி முறையைத் தேர்ந்தேன். பழைய போர்ட் பாட்டில்களின் கழுத்து நடுவில் சற்றுப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குள் விரிந்து உட்கார்ந்துவிட்ட நீளமான கார்க்கைத் திருகாணியால் குறுகலான வாய் வழியாக இழுத்தால் அது பெரும்பாலும் நொறுங்கிப்போகும். மற்ற நேரத்தில் அது வெறும் தொல்லைதான், வடிகட்டி எடுத்துவிடலாம். இங்கே கார்க்கே முதன்மைச் சான்று. எனவே இரும்பு இடுக்கியின் வளைந்த வாயை அடுப்புச் சுடரில் செந்நிறம் ஏறும் வரை காய்ச்சி, கார்க்கின் அடிமுனைக்குச் சற்றுக் கீழே கழுத்தைக் கவ்வி, ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாமல் பிடித்திருந்தோம். இடுக்கியை எடுத்தவுடன் பனிநீரில் நனைத்த துணியை அதே வட்டத்தில் சுற்றினோம். மெல்லிய ‘டிக்’ ஓசையோடு கண்ணாடி சுற்றிலும் ஒரே கோட்டில் விரிசல் விட்டது. வளையமாகப் பிரிந்த கழுத்துத் துண்டுக்குள் கார்க் சேதமில்லாமல் கையில் வந்தது. வெட்டுவாயை ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடித் துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று விளக்கொளியில் பார்த்த பிறகே ஊற்றத் தொடங்கினோம்.

கழுத்து வளையத்தைத் துணியில் சுற்றி மெல்லத் தட்டி உடைத்து எடுத்த கார்க்கின் கீழ்ப்பாதி ஒயினில் ஊறிக் கருத்திருந்தது. மேல்பாதி வெளிறிய பழுப்பு. பக்கவாட்டில் ‘டௌ’ என்ற நிறுவனப் பெயர் ஐயத்துக்கு இடமின்றிப் படிக்கும்படி இருந்தது. ஆண்டைத்தான் படிக்க முடியவில்லை. 1, 9 என்ற முதல் இரண்டு இலக்கங்களும் இறுதிச் சுழியும் தெரிந்தன. கசிவு ஓடிய கருங்கோடு மூன்றாவது இலக்கத்தின் மேலேயே போயிருந்தது. அதை அப்போதே தேய்த்துத் துடைத்துப் பார்க்க வேண்டும் என்று உடனிருந்த ஒருவர் ஆவல் காட்டினார். ஊறிய கார்க்கைத் தேய்த்தால் முத்திரையும் சேர்ந்து போய்விடும் என்பதால் மையொற்றுத் தாளின் மேல் வைத்து உலர விட்டோம். ஆண்டு தெரியாமல் சுவைக்க நேர்ந்தது நல்லதாகவே முடிந்தது என்பது என் எண்ணம். ஆண்டு முன்பே தெரிந்துவிட்டால், அந்த ஆண்டின் புகழுக்குப் பொருத்தமான சுவைகள் எல்லாம் கோப்பையில் தாமாகவே வந்து சேர்ந்துவிடும்.

பாட்டிலின் தோள்பட்டைக்கு அடியில் ஒரு கைவிளக்கை வைத்து, வெள்ளைக் கறை மேற்புறம் இருக்கும்படி சாய்த்து, இடையில் நிறுத்தாமல் ஒரே சீராக டிகேன்டர் எனப்படும் கண்ணாடிக் குடுவையில் ஊற்றினோம். தெளிந்த செந்நிறம் நெடுநேரம் ஓடியது. முடியும் தறுவாயில் முதலில் புகை போன்ற ஒரு கலங்கல் தோள்பட்டையை எட்டியது, அதன் பின்னால் தேயிலைச் சக்கை போன்ற கரிய செதில்கள் நகர்ந்து வந்தன. அத்துடன் நிறுத்திக்கொண்டோம். மீந்தது ஒரு சிறு கோப்பைக்கும் குறைவு. பொருக்கு உடையாமல் பெரிய ஏடுகளாகவே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது, பாட்டில் இத்தனை காலமும் அதிகம் இடம் மாறாமல் கிடந்தது என்ற குடும்பத்தார் கூற்றோடு ஒத்துப்போனது.

சுவைத்தவர்கள் நால்வர். ஒயின் வணிகத்தில் முதிர்ந்த அனுபவமுள்ளவர் ஒருவர், உரிமையாளர், அவருடைய உறவினர் ஒருவர், நான். ஒயினை 17 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருந்தோம். போர்ட்டுக்கென்று விற்கப்படும் சிறு கோப்பைகளைத் தவிர்த்து, வாய் குவிந்த நடுத்தரக் கோப்பைகளை எடுத்துக்கொண்டோம். மணம் திரள்வதற்கு இடம் வேண்டும். முதல் முகர்வில் எல்லோர் முகமும் சுருங்கியது. நனைந்த அட்டையும் பழைய நிலவறையும் கலந்த நெடி, அதற்கு மேல் நகப்பூச்சு அகற்றியை நினைவூட்டும் கூர்மை. இது கார்க் கெட்டதால் வந்த நாற்றம், வீணாக நேரம் கடத்த வேண்டாம் என்று அனுபவசாலி சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டிசிஏ எனப்படும் சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஒயினை அமுக்கிவிடும், அதன் முதல் அடையாளமும் நனைந்த அட்டை நாற்றம்தான்.

ஆனால் அரை நூற்றாண்டு மூடிக் கிடந்த எந்தப் பாட்டிலும் திறந்த மாத்திரத்தில் ஓரளவு இப்படித்தான் நாறும். மெழுகுக்கு அடியில் வளர்ந்த பூஞ்சை, காற்றின்றித் தேங்கிய கந்தகச் சேர்மங்கள் முதலியவை அதற்குக் காரணம். இரண்டையும் முதல் முகர்வில் பிரித்துச் சொல்வது கடினம். காற்றுப் பட்ட பின் அவை போகும் திசையை வைத்துப் பிரிக்கலாம். தேங்கிய நெடி நிமிடத்துக்கு நிமிடம் கலையும். டிசிஏ கலையாது, பல நேரங்களில் கூடவும் செய்யும். உணவுப் பொருள் சுற்றும் பாலித்தீன் தாளை அந்தச் சேர்மம் பற்றிக்கொள்ளும் என்பதால், ஒரு கோப்பையில் ஒரு கசக்கிய தாளை அமிழ்த்தி, தாள் இல்லாத இன்னொன்றோடு ஒப்பிட்டோம். அரை மணி நேரம் கழித்து இரண்டுக்கும் இடையே வேறுபாடு எதுவும் இல்லை, இரண்டிலுமே அட்டை நெடி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கெட்ட கார்க் என்ற குற்றச்சாட்டு அத்துடன் விழுந்தது. நகப்பூச்சுக் கூர்மை மட்டும் முழுதாகப் போகவில்லை. அது எத்தில் அசிடேட்டின் வேலை. கசிவின் வழியே சிறிது காற்று உள்ளே போயிருக்கிறது என்பதற்கான தடம். பழைய போர்ட்டில் அது அளவோடு இருந்தால் மணத்தைத் தூக்கிக் கொடுக்கும், அளவு மீறினால் எல்லாவற்றையும் மூடிவிடும். இங்கே அளவுக்குள் நின்றது என்பது என் தீர்ப்பு. உறவினர் கடைசி வரை அதை ஏற்கவில்லை.

2 மணி நேரம் கழிந்தபோது வேறொரு ஒயின் வந்து உட்கார்ந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். நிறம் நடுவில் ஆழ்ந்த மாணிக்கச் சிவப்பு, ஓரத்தில் செங்கல்லும் தேனும் கலந்த அகலமான விளிம்பு. மணத்தில் உலர்ந்த அத்தியும் கருந்திராட்சையும் முன்னே நின்றன, அவற்றின் பின்னால் ஆரஞ்சுத் தோல், கிராம்பு, சுருட்டுப் பெட்டியின் மர வாசம். வாயில் எடுத்ததும் இனிப்பு முதலில் எழுந்தது, ஆனால் பரவவில்லை. நாவின் நடுப்பகுதிக்கு வருவதற்குள் மெல்லிய, நுண்மணல் பதமுள்ள துவர்ப்பு அதைப் பிடித்து இறுக்கியது. முடிவில் கிட்டத்தட்ட இனிப்பே இல்லாத, கருஞ்சாக்லேட்டின் கசப்பை ஒட்டிய ஒரு வறட்சி நீண்டது. விழுங்கிய பின் ஒரு நிமிடம் வரை அது நின்றது. சாராயத்தின் சூடு தொண்டையில் சிறிது தெரிந்தது. பழச்சதை இளைத்த ஒயின்களில் அந்தச் சூடு தனியே பிரிந்து எரியும். இங்கே அது ஒயினோடு ஒட்டியே இருந்தது.

இந்த வறண்ட முடிவு நிறுவனத்தின் முத்திரை. டௌ ஒயின்களின் நொதிப்பைச் சற்றுக் கூடுதல் நேரம் ஓட விடுவதால், பிற நிறுவனங்களின் போர்ட்டைக் காட்டிலும் இனிப்புக் குறைந்த பாணியில் அவை அமைகின்றன. குறிப்பாக கிரஹாம் போன்ற செழுமையான, இனிப்பு மிகுந்த பாணிக்குப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். பின்யாவ் ஊரை ஒட்டிய போம்ஃபிம் தோட்டம் 1896 முதல் டௌவின் முதுகெலும்பாக இருந்து வருகிறது. பெயர் தெளிவாகத் தெரிந்த கார்க் கையில் இருந்ததால் நிறுவனத்தைச் சுவையால் கண்டுபிடிக்க வேண்டிய தேவை எழவில்லை. என்றாலும் கார்க் சொன்னதும் நாக்கு சொன்னதும் பொருந்தின என்பதைக் குறித்துவைப்பது முறை. பழைய கார்க்கையே போலியாகச் செருகிய பாட்டில்களும் உலகில் உண்டு.

ஆண்டுதான் கேள்வி. 1960 போர்ட்டுகள் பொதுவாக இலேசான உடலும் எளிதில் கவரும் இனிமையும் கொண்டவை, முன்னதாகவே பக்குவத்துக்கு வந்தவை. இன்று அவற்றில் பல, நிறம் வெளுத்து, துவர்ப்பு கரைந்து, இனிப்பும் சூடும் மட்டும் மிஞ்சிய நிலையில் இருக்க வேண்டும். 1970 வேறு இயல்புடையது. பெரும்புகழ் பெற்ற 1963இன் நிழலில் நீண்ட காலம் கிடந்தது, விற்பனைக்கு வந்தபோது பெரிதாகக் கொண்டாடப்படவும் இல்லை. ஆனால் அதன் இறுக்கமான கட்டமைப்பு பத்தாண்டுகள் கடக்கக் கடக்க அதன் மதிப்பை உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறது. எங்கள் கோப்பையில் நிறத்தின் நடுப்பகுதி இன்னும் ஆழமாகவும் துவர்ப்பு இன்னும் வேலை செய்துகொண்டும் இருந்ததால், 1970 என்றே குறித்தேன். அனுபவசாலியும் அவ்வாறே குறித்தார். உரிமையாளர் 1960 என்று எழுதினார். ஓரத்தில் பரவியிருந்த தேன் நிறத்தை அவர் சான்றாகக் காட்டினார். அது நல்ல கவனிப்புதான். ஆனால் கசிந்த பாட்டிலில் விளிம்பின் நிறம் வயதைக் கூட்டியே சொல்லும். ஆகவே நிறத்தின் நடுப்பகுதிக்கும் துவர்ப்புக்கும் நான் கூடுதல் எடை கொடுத்தேன். காற்றின் பாதிப்பு முதலில் மணத்திலும் விளிம்பிலும் தெரிகிறது. போய்விட்ட துவர்ப்பை எந்தக் கசிவும் திருப்பிக் கொண்டுவராது.

மறுநாள் கார்க் நன்றாக உலர்ந்திருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தபோது, கறைக்கு அடியில் சூட்டுக்கோல் அழுந்திய பள்ளம் நிழலாக எழுந்தது: மேலே ஒரு கிடைக்கோடு, அதன் வலமுனையிலிருந்து சாய்ந்திறங்கும் ஒரு கோடு. 6 என்ற எண்ணில் எங்கும் நேர்கோடு கிடையாது. 1970இல் அறுவடையாகி, பிரிட்டனில் பாட்டிலில் அடைக்கப்பட்ட ஒயின் என்பது அத்துடன் உறுதியானது. பரவலாக அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் அவ்வாறு பிரிட்டனில் அடைக்கப்பட்டவற்றுள் கடைசி ஆண்டும் அதுவே.

டிகேன்டரில் வைத்திருந்த மிச்சத்தையும் மறுநாள் மீண்டும் சுவைத்தோம். அத்தியும் மர வாசமும் நின்றன. ஆரஞ்சுத் தோல் மங்கியிருந்தது. நகப்பூச்சுக் கூர்மை முந்தைய இரவைவிடத் துருத்திக்கொண்டு தெரிந்தது. இளமையான வின்டேஜ் போர்ட் திறந்த பின்னும் சில நாட்கள் தாங்கும். இந்த வயதில் அந்தத் தாங்குசக்தி ஒரே இரவில் சரிகிறது என்பதால், இத்தகைய பாட்டிலை உண்பதற்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்பு ஊற்றி அன்றே முடித்துவிடுவதுதான் சரி.

மதிப்பெண் கேட்டார்கள். 20க்கு என்ற பிரிட்டிஷ் கணக்கில் 17 கொடுத்தேன், கூடவே அந்த எண்ணை இரண்டாகப் பிரித்தும் எழுதினேன். ஒயினின் தரத்துக்கு மட்டும் என்றால் 18, கசிவு பிடுங்கிக்கொண்டது 1. ஒரே எண்ணாகத் தந்திருந்தால், படிப்பவர் இதை 1970 டௌவுக்குக் கிடைத்த மதிப்பெண் என்று எடுத்துக்கொள்வார்; ஒரே பீப்பாயிலிருந்து ஒரே நாளில் அடைக்கப்பட்ட பாட்டில்கள்கூட 50 ஆண்டுகளில் அவரவர் கார்க்கைப் பொறுத்துத் தனித்தனி வழியில் போய்விடுகின்றன.

உரிமையாளருக்கு எழுதித் தந்த பரிந்துரை சுருக்கமானது. கழுத்தின் நடுப்பகுதி வரை அளவு நிற்கும், கசிவு இல்லாத பாட்டில்களைக் குளிரும் ஈரமும் மாறாத அதே நிலவறையில் இன்னும் பத்தாண்டுகள் தயங்காமல் வைத்திருக்கலாம். திறந்ததைப் போன்று கசிவுக் கோடு உள்ளவற்றை ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும். தோள்பட்டை வரை இறங்கியவற்றுக்கு விலை எதிர்பார்க்க வேண்டாம். ஏலத்துக்கு அனுப்பினால், லேபிள் இல்லை என்பதையும், திறந்த ஒரு பாட்டிலின் கார்க்கைக் கொண்டே அடையாளம் காணப்பட்டது என்பதையும் விவரப்பட்டியலில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், கார்க்கையும் அதன் படத்தையும் உடன் வைக்க வேண்டும். ஒரு தொகுதியில் ஒரு கார்க் சொன்னதை மற்றவற்றுக்கும் நீட்டிச் சொல்வது ஊகமே என்பதால், வேறு வடிவ மெழுகு முத்திரை தென்பட்ட 2 பாட்டில்களைத் தனியே எடுத்துவைக்கச் சொன்னேன். அவை 1960ஆகவே இருக்கக்கூடும் என்று அண்ணன் இப்போதும் வாதிடுகிறாராம். அவற்றில் ஒன்றைத் திறக்கத் தங்கை சம்மதிக்கவில்லை.